நெக்ஸ்ட் சார் செய்த விளையாட்டு

அலுவலகத்தில் அவருக்கு நெக்ஸ்ட் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படிக்கிற பாடங்களை எழுதுவது அவர் தொழில். தொழிற்சாலையில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், கிடங்கில் பாரம் தூக்கும்போது முதுகை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், வங்கியில் சந்தேகமான ஆள் வந்தால் யார் காதில் போட வேண்டும் என்பது மாதிரியான பாடங்கள். ஒவ்வொரு திரையின் அடியிலும் 'நெக்ஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். ஜனங்கள் பாடத்தைப் பார்ப்பதே இல்லை, அந்தப் பட்டன் எப்போது வரும் என்றுதான் பார்க்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் கொதித்துப் பேசினார். மறுநாளே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆள் படிப்பாளி. அதில் சந்தேகமே வேண்டாம். பாடத்தை எப்படி வடிவமைப்பது, திரை வழியாக எப்படிக் கற்பிப்பது, விளையாட்டை வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யார் எந்த மூலையில் புத்தகம் போட்டாலும் வாங்கிவிடுவார். கரைத்துக் குடித்தவர் என்று மேனேஜர் வெளியாட்களிடம் அறிமுகப்படுத்துவார். அந்த மேனேஜர் ஒன்றையும் படித்ததில்லை என்பது வேறு கதை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்காக அலுவலக இணையப் பக்கத்தில் 'படித்தே ஆக வேண்டியவை' என்று நெக்ஸ்ட் சார் ஒரு பகுதி வைத்திருந்தார். சும்மா தலைப்புகளை அடுக்கிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு செல்லப் பெயர், கீழே நாலு வரி.

"தலையணை: எண்ணூறு பக்கம். நாலாவது அத்தியாயம் போதும். மற்றதெல்லாம் ஆசிரியர் தன் மாணவர்களைப் பழிவாங்க எழுதியது."

"பச்சை அட்டை: பஸ்ஸில் படிக்கலாம். இரண்டு முறை இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன், அவ்வளவு நன்றாக இருக்கும்."

"விளையாட்டுக்காரர்: விளையாட்டு வைத்துக் கற்பிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதைப் படிக்கவும். ஜெயித்தவர் எதைக் கற்றுக்கொண்டு ஜெயித்தார் என்று கேட்கச் சொல்கிறார். கேளுங்கள்."

இப்படி முப்பது புத்தகங்கள். படித்தார்களோ இல்லையோ, அந்த நாலு வரிகளை எல்லாரும் படித்தார்கள். சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பகுதியைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. நியாயமான கர்வம்தான்.

அவர் மனைவிக்குப் புத்தகமே ஆகாது. அவள் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்ட்டரில் இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதை அவள் தொட்டதே இல்லை. அவள் குரல் எட்டாவது நடைமேடை வரை போகும். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"வண்டி எப்ப வரும்க்கா?"

"இருங்க, சொல்றேன். வந்துக்கிட்டே இருக்கு."

"போன வாரமும் இதையேதானே சொன்னீங்க?"

"போன வாரமும் இதே வண்டிதானேய்யா!"

வரிசை முழுக்கச் சிரிக்கும். வண்டி வராத கோபம் அந்தச் சிரிப்பில் பாதி போய்விடும். வீட்டிலும் அந்த வாய் ஓய்ந்ததில்லை. "ஊருக்கெல்லாம் பாடம் எழுதுறீங்க. நம்ம வாஷிங் மெஷின் மூடி எந்தப் பக்கம் திறக்கும்னு தெரியுமா உங்களுக்கு?" என்பாள். அவருக்குத் தெரியாது. மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் அவர் அந்த வீட்டில் காதாகத்தான் இருந்தார், வாயாக இருக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. அதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

ஒரு நாள் காலை, கவுண்ட்டரில் யாரோ வண்டி நேரம் கேட்டார்கள். அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. மறுபடி திறந்தாள். என்னவோ ஒரு சத்தம் வந்தது. மைக் அக்கா புதிதாக ஏதோ வேடிக்கை காட்டுகிறாள் என்று வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் நாற்காலியிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

மூளையில் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் பிழைத்தாள். வலது கால் கொஞ்சம் இழுத்தது, வலது கையில் பிடி தளர்ந்தது. போனது பேச்சு. டாக்டர் படம் போட்டு விளக்கினார்.

"அவங்க காதுல சத்தம் விழுது. ஆனா சொல் புரியல. அதே மாதிரி உள்ள நினைக்கிறது சொல்லா வெளிய வர மாட்டேங்குது. பயிற்சி குடுத்தா திரும்பும். எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்புறதுல பெரும்பகுதி முதல் ஆறு மாசத்துலதான் திரும்பும். அந்த ஆறு மாசத்தை வீணாக்கிடாதீங்க."

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். 'இருங்க'. தண்ணீர் வேண்டுமென்றாலும் இருங்க, வலித்தாலும் இருங்க, வேண்டாமென்றாலும் இருங்க. ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ சொல்லப் போவதாக நினைத்துத்தான் வாயைத் திறப்பாள். அதே சொல் வந்து விழும். விழுந்தது அவளுக்கே கேட்கும். முகம் சுருங்கிப் போகும்.

மருத்துவமனையில் நீளமான நடையின் கடைசி அறையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒருவர் இருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், அதிகம் சிரிக்காத முகம். மேசை மேல் ஒரு தட்டு. தட்டில் சீப்பு, சாவி, கரண்டி, டம்ளர். "சீப்பை எடுங்க" என்பார். இவள் சாவியை எடுப்பாள். தப்பு என்று அந்த அம்மா சொல்வதில்லை. சாவியை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, தன் தலையைச் சீவிக் காட்டி, "சீப்பு" என்று மறுபடி மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். பொருள்களை இடம் மாற்றி வைப்பார். மறுபடி கேட்பார். ஒரு மணி நேரம் முழுக்க அந்த நாலே பொருள்கள். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வரும்போது பஸ்ஸிலேயே மனைவி அழுவாள். பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும் என்பதுதான் கொடுமை.

நெக்ஸ்ட் சாருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பயிற்சி அவர் கண்ணுக்குப் பயிற்சியாகவே தெரியவில்லை. மதிப்பெண் இல்லை, படிநிலை இல்லை, சரியாகச் செய்தால் ஒரு பாராட்டு இல்லை. முப்பது புத்தகத்தில் எதுவும் அப்படிச் சொல்லவில்லை.

"இந்தக் காலத்துல போய் சீப்பையும் கரண்டியையும் வெச்சுக்கிட்டு..." என்று மகளிடம் பொருமினார். "நான் செய்றேன் பாரு ஒண்ணு."

செய்தார். சனி ஞாயிறு இரண்டே நாளில் செய்து முடித்தார். அலுவலகத்தில் ஒரு கம்பெனிக்கு ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒரு வார்ப்பை, படத்தையும் சொல்லையும் மாற்றினால் வேறு பாடமாகிவிடுகிற டெம்ப்ளேட்டை, எடுத்துக்கொண்டார். டேப்லெட் திரையில் நாலு படங்கள். ஒரு குரல் ஒரு சொல்லைச் சொல்லும். சரியான படத்தைத் தொட்டால் பச்சை விளக்கு எரிந்து ஒரு நட்சத்திரம் விழும், "சபாஷ்" என்று சத்தம் வரும். தப்பானதைத் தொட்டால் சரியான படம் மட்டும் மின்னும். நாற்பது திரை, நாற்பது சொல். படங்களுக்கு அவர் வெளியே போகவில்லை. வீட்டுச் சாவி, வீட்டுக் குடை, சமையலறை டம்ளர், பால்கனியில் காயும் துண்டு, அவள் செருப்பு என எல்லாவற்றையும் தானே படம் எடுத்தார். குரல் மகளுடையது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெண் நாற்பது சொல்லையும் சொல்லிப் பதிவு செய்தாள். இடையில் இரண்டு முறை குரல் உடைந்து, திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அன்பில் குறை சொல்ல முடியாது. அந்த விளையாட்டில் அன்பைத் தவிர வேறு எதையும் அவர்கள் சரிபார்க்கவில்லை.

முதல் நாள் நாற்பதில் ஒன்பது. ஒரு வாரத்தில் பதினெட்டு. ஒரு மாதம் முடிவதற்குள் முப்பத்தைந்து. நட்சத்திரம் விழும்போதெல்லாம் நெக்ஸ்ட் சார் கை தட்டினார். குழந்தை முதல் அடி வைத்தபோதுகூட அவர் அப்படிக் குதித்ததில்லை. மனைவி அவர் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அடுத்த திரையைத் தொடுவாள். சில சமயம் டேப்லெட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இருங்க, இருங்க" என்பாள்.

"இன்னும் விளையாடணுமா? அதான் சரி! விடாம பண்ணு" என்று அவர் அதைத் திருப்பி மடியில் வைப்பார்.

பேச்சுப் பயிற்சி அம்மாவுக்கு போன் செய்தார்.

"மேடம், வீட்டுலயே நல்லா போய்க்கிட்டிருக்கு. முப்பத்தஞ்சு வருது. பஸ்ஸுல கூட்டிட்டு வர்றதுதான் அவளுக்குப் பெரிய அவஸ்தையா இருக்கு. கொஞ்ச நாள் இப்படியே பார்க்கலாம்னு..."

"மார்க்கை விடுங்க சார். வீட்டுல சாவி கேட்டா சாவி எடுத்துக் குடுக்குறாங்களா?"

"அது மெதுவா வரும் மேடம். திரையில கத்துக்கிட்டது வெளிய வர்றதுக்கு நேரம் எடுக்கும். அதைப் பத்தியே ஒரு அத்தியாயம் இருக்கு."

"அத்தியாயம் இருக்கட்டும். ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. நான் பார்க்கணும்."

"அடுத்த வாரம் வர்றோம் மேடம்."

அடுத்த வாரம் அலுவலகத்தில் ஒரு பாடத்துக்குக் கெடு இருந்தது. அதற்கடுத்த வாரம் மழை. பிறகு கேட்பதற்கு அந்த அம்மாவும் போன் செய்யவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நெக்ஸ்ட் சாரே எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அதை மற்றவர்களுக்குத்தானே சொன்னார்.

வீட்டில் குடை கேட்டால் அவள் துண்டை எடுத்து வந்தாள். "அம்மா, செருப்பு எங்கே?" என்றால் விழித்தாள். அவர் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார், தலையணைப் புத்தகத்தின் நாலாவது அத்தியாயத்தை நினைத்துக்கொண்டார், சமாதானமானார். படிக்காதவனாக இருந்தால் அன்றைக்கே பயந்திருப்பான். அவருக்கு ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு விளக்கம் கையிருப்பில் இருந்தது.

நாற்பதுக்கு நாற்பது வந்த நாளில் அவர் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு உட்கார்ந்து, 'படித்தே ஆக வேண்டியவை' பகுதியின் கடைசியில் முப்பத்தோராவதாகத் தன் சொந்தக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தார். வீட்டில் ஒரு விளையாட்டு எப்படி ஒரு மனுஷியைத் திருப்பிக் கொண்டுவருகிறது என்று, மதிப்பெண் ஏறிய வரைபடத்தோடு. நல்ல கட்டுரை. மனசிலிருந்து எழுதினது. மேனேஜர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். அவர் முதல் முறையாக ஒன்றை முழுக்கப் படித்தது அதுவாகத்தான் இருக்கும். உடனே ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு அதை அனுப்பியும் வைத்தார்.

அப்போது ஐந்தாவது மாதம் முடிந்திருந்தது.

வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒரு மத்தியானம் நெக்ஸ்ட் சார் உள்ளறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். முடிந்ததும் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். மனைவி ஜன்னல் பக்கத்து சோபாவில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். இடது கை விரல் திரையில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. நட்சத்திரம் விழுந்தது, இன்னொன்று விழுந்தது. சத்தமே இல்லை. ஸ்பீக்கர் போய்விட்டது போல என்று நினைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார். திரை மாறியது. மகள் குரல் வரவில்லை. மனைவி கீழே இடது பக்கம் தொட்டாள். பச்சை. அடுத்த திரை. மேலே வலது பக்கம். பச்சை. இப்போது அவள் திரையைக்கூடப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டு தொட்டாள். பச்சை.

"காதே இல்லாம ஜெயிக்கிறாளே!" என்று அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

டேப்லெட்டை வாங்கினார். முதலிலிருந்து தொடங்கினார். குடை, கீழே இடது. வெளியே வந்து மறுபடி தொடங்கினார். குடை, கீழே இடது. இன்னொரு முறை. அங்கேயே இருந்தது. சாவியும் அதே இடம், துண்டும் அதே இடம். நாற்பது திரையிலும் நாலு படமும் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தன.

அலுவலகத்தில் இந்த வார்ப்புகளுக்குக் கோடிங் எழுதுகிற பெண்ணுக்கு போன் போட்டார்.

"படம் எல்லாம் இடம் மாறி மாறித்தானே வரணும்? ஏன் மாறல?"

"எந்த வார்ப்பு சார் எடுத்தீங்க? கிடங்குக் கம்பெனிக்குப் பண்ணினதா?"

"ஆமா."

"அதுல மாறாது சார். அதை ஆஃப் பண்ணித்தானே வெச்சிருக்கோம்."

"யாரு ஆஃப் பண்ணச் சொன்னது?"

"நீங்கதான் சார். அவங்க சண்டை போட்டாங்களே, ஆளுங்க ஃபெயில் ஆகிக்கிட்டே இருக்காங்க, வேலை நிக்குதுன்னு. விடை ஒரே இடத்துல இருந்தா ரெண்டாவது தடவை எல்லாரும் பாஸ் ஆகிடுவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

சொல்லியிருந்தார். நினைவுக்கு வந்தது. அந்தக் கிடங்கில் ஆட்கள் பாடத்தைத் திறக்காமலே, "ரெண்டு, நாலு, ஒண்ணு, ஒண்ணு, மூணு" என்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பினார்களாம். எல்லாரும் பாஸ். வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், மேனேஜருக்குச் சந்தோஷம். அவர் மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க மனசு கசந்து கிடந்தார். மறுநாள் அடுத்த பாடம் வந்தது, மறந்துவிட்டார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அவர் வினை அவரை விட்டுவிட்டு அவளைச் சுட்டிருந்தது.

கோடிங் பெண் விஷயத்தைக் கேட்டதும் பதறி, அரை மணி நேரத்தில் படங்கள் இடம் மாறுகிற மாதிரி ஒன்று செய்து அனுப்பினாள். பழைய விளையாட்டுக்குப் பக்கத்தில் அதையும் ஏற்றினார். மனைவி முன்னால் உட்கார்ந்தார். மகள் குரல், "குடை" என்றது. மனைவியின் விரல் கீழே இடது பக்கம் போனது. அங்கே இப்போது சாவி இருந்தது. வேறொரு மூலையில் குடை மின்னியது. "டம்ளர்" என்றது குரல். அவள் செருப்பைத் தொட்டாள். முடியும்போது நாற்பதில் பதினொன்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பத்து வந்திருக்கும்.

அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, டாக்ஸி வைத்துக்கொண்டு அந்த நீளமான நடையின் கடைசி அறைக்குப் போனார்கள். பேச்சுப் பயிற்சி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தட்டை எடுத்து வைத்தார். சீப்பு, சாவி, கரண்டி, டம்ளர். ஒரு மணி நேரம் சோதித்தார். பிறகு விளையாட்டைக் காட்டச் சொன்னார். சத்தத்தை அணைத்துவிட்டு மனைவி பழைய நாற்பது திரையையும் விளையாடியதைப் பார்த்தார்.

"இவங்களுக்கு ஞாபக சக்தி அபாரமா இருக்கு சார்" என்றார். "நாற்பது திரை, நாற்பது இடம். சொல்லுன்னு ஒண்ணுமே பிடிபடாம வெறும் படத்தைப் பார்த்தே மனப்பாடம் பண்ணியிருக்காங்க. இது சாதாரண உழைப்பு இல்ல."

"அந்த உழைப்பை..." என்று அவர் ஆரம்பித்தார்.

"ஆமா" என்றார் அந்த அம்மா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"இப்ப ஆரம்பிச்சா வருமா மேடம்?"

"கொஞ்சம் வரும். தண்ணி, வலி, வேணும், வேணாம்னு அன்றாடத்துக்கு வேண்டியது வரலாம். வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இவங்க எப்படிப் பேசுவாங்கன்னு பஸ் ஸ்டாண்டுல நானும் கேட்டிருக்கேன். அதை மனசுல வெச்சுக்கிட்டு வராதீங்க."

திரும்பும்போது டாக்ஸியில் மனைவி அழவில்லை. அவர்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் முதல் வேலையாக மேனேஜரிடம், அந்தக் கட்டுரையை எடுத்துவிடுகிறேன் என்றார். நடந்ததைச் சொன்னார். மேனேஜர் உச்சுக் கொட்டினார், நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்புறம், "எடுக்கணும்தான். ஆனா இப்ப வேணாமே. கிளையன்ட் அதை அவங்க ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. ஒரு ரெண்டு மாசம் போகட்டும்" என்றார். கட்டுரை அங்கேயே இருந்தது. அன்றைக்கும் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு சார், அழுதுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் தலையை ஆட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கர் ரிப்பேர் இல்லை. அன்றைக்குச் சத்தத்தை அணைத்தது அவரும் இல்லை.

"டேப்லெட்டுல சத்தத்தை நீ குறைச்சியாம்மா, அன்னிக்கு?"

"நான் எதுக்குப்பா குறைக்கிறேன்? அம்மாதான் குறைப்பாங்க."

"அம்மாவா?"

"எப்பவோ ஆரம்பிச்சுட்டாங்களே. ரெண்டு மூணு மாசம் இருக்கும். சத்தத்தைக் குறைச்சுட்டு விளையாடி, என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாங்க. ஸ்பீக்கரைக் காட்டுவாங்க, காதைக் காட்டுவாங்க, அப்புறம் உங்க ரூம் கதவைக் காட்டுவாங்க. 'இருங்க, இருங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க." மகள் துணியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நீங்க மீட்டிங்ல இருக்கீங்க, சத்தம் போடாதேன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன்பா. நானும் சரிம்மா, சரிம்மான்னு..."

அம்மா அப்பாவிடம் சொல்லச் சொன்னது என்ன என்று அவளுக்கும் அப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.

நெக்ஸ்ட் சார் முன்னறைக்கு வந்தார். மனைவி சோபாவில் இருந்தாள். அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். எந்தச் சொல்லில் கேட்டாலும் அவளுக்கு அது போய்ச் சேராது என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முப்பது புத்தகம் படித்த மனுஷர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு அழுதார். சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அவள் பதறிப் போனாள். அவர் தலையைத் தொட்டாள், கன்னத்தைத் துடைத்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அவளுக்கே வேண்டாமென்று தோன்றி நிறுத்திக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். அவரைச் சிரிக்க வைக்க அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்தது இப்போது ஒன்றே ஒன்றுதான். டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்து, பழைய விளையாட்டைத் திறந்து, அவருக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு கீழே இடது பக்கம் தொட்டாள்.

நட்சத்திரம் விழுந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அடுத்ததைத் தொட்டாள். நாற்பதும் முடிகிற வரைக்கும் அவர் கை தட்டினார்.